அந்துப்பூச்சிக்கு நான் ஒட்டிய வயிறு

பார்சலைக் கட்டியது நான்தான். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி, அதன் அடியில் தக்கை, தக்கையில் குத்திய ஊசியில் சுண்டுவிரல் நக அகலம்கூட இல்லாத ஓர் அந்துப்பூச்சி, பக்கத்தில் அதன் வயிற்றைக் கழற்றிப் பரப்பிய ஒரு கண்ணாடித் துண்டு. பெட்டியைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சைச் சுற்றி இன்னொரு பெட்டி, மேலே லண்டன் விலாசம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இறுக்காத, இறுக்காத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உலகத்துக்கே புதிதான ஒரு பூச்சியைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்பியிருந்தார். அதன் வயிறு அதனுடையது இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மளிகைக்கடைக்கு மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள். முன்னறையில் நாங்கள், பின்னறையில் பூச்சிகள். அவர் ஒரு பள்ளியில் சயன்ஸ் வாத்தியார். சக வாத்தியார்கள் அவரைப் 'பூச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேராகவே. அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். அவர் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பின்னறைக்குப் போய்விடுவார்.

அவருக்குப் பூச்சியின் மேல் ஆசை உண்டு, கை வராது. சின்ன அந்துப்பூச்சி என்றால் மூச்சு பட்டாலே சிறகின் தூள் கொட்டிவிடும். மயிரிழை போன்ற ஊசியில் குத்தி, நடுவில் நீளப் பள்ளம் வெட்டிய பலகையில் வைத்து, நாலு சிறகையும் விரித்துக் காய வைக்க வேண்டும். அவர் விரித்தால் பத்தில் மூன்று தேறும். கல்யாணமாகி வந்த இரண்டாம் மாதம், பார்க்கப் பொறுக்காமல் ஊசியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அன்றிலிருந்து நாலு வருஷமாக அந்த வீட்டில் ஒரு பூச்சியைக்கூட அவர் விரித்ததில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பள்ளிக் கண்காட்சிக்கு வண்ணத்துப்பூச்சிப் பெட்டிகள் போகும். பிள்ளைகள் தட்டி உடைத்து, கொம்பு போய், கால் போய்த் திரும்பி வரும். நான் பசை தொட்டு ஒட்டுவேன். ஒன்றின் கொம்பை இன்னொன்றுக்கு, உடைந்த சிறகுக்கு வேறொன்றின் சிறகு என்று, தையற்காரன் துண்டுத் துணியில் சட்டை தைப்பதுபோல ஒப்பேற்றுவேன். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஒட்டினதே தெரியலையே!" என்பார். அந்தப் பாராட்டுக்கு நான் ஏங்கியிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பூச்சி வந்தது என் தலையிலிருந்து. ஒருநாள் சாயங்காலம் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தை எடுத்துப் போடும்போது, ஓர் அரும்பில் ஓட்டை. பிரித்தால் உள்ளே ஒரு புழு. நான் வீசி எறியப் போனேன். அவர் பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டார். மறுநாளே தேக்கா மார்க்கெட் பக்கம் நாங்கள் வழக்கமாகப் பூ வாங்கும் கடைக்குப் போய், கழித்துப் போடும் பூச்சி அரும்புகளை எனக்குத் தரச் சொல்லிக் கேட்டேன். "நல்ல பூவ விட்டுட்டு இத வாங்குறீங்களே, உங்க வீட்டுக்காரருக்குக் கிறுக்கு லா" என்று பூக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொட்டலம் கட்டிக் கொடுத்தார். பூ வருவது பாயா லேபார் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து என்றும் சொன்னார்.

அரும்புகளை ஜாம் பாட்டில்களில் போட்டுத் துணி கட்டி வைத்தோம். இரண்டு வாரத்தில் பூச்சிகள் வெளியே வந்தன. வெள்ளைச் சிறகில் பழுப்புப் பட்டை போட்டவை ஏழு. ஐந்து பெண், இரண்டு ஆண். அவற்றோடு, துணியின் இடுக்கிலும் ஓரத்திலும், பட்டை எதுவுமில்லாத சாம்பல் நிறப் பூச்சிகளும் சில இருந்தன. "அது கீழ அரிசி மூட்டையிலேருந்து மேல வந்திருக்கும், விடு" என்று அவர் ஜன்னலைத் திறந்துவிட்டார். சாம்பலில் ஒன்றை மட்டும் நான் கைப்பழக்கத்துக்காக விரித்துப் பெட்டியின் மூலையில் குத்தி வைத்தேன்.

மேசைக் கால்களுக்கு அடியில் கிண்ணங்களில் தண்ணீர் வைப்போம், எறும்பு ஏறாமல் இருக்க. தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல், மறந்துவிட்டேன். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்தால் ஊசிக்கு ஊசி எறும்பு. மூலையிலிருந்த சாம்பல் பூச்சிக்குச் சிறகெல்லாம் கந்தல், வயிறு தனியாகக் கழன்று கீழே கிடந்தது. பட்டைப் பூச்சிகளில் நன்றாக இருந்த ஆண் ஒன்றுக்குச் சிறகு அப்படியே இருந்தது, வயிறு மட்டும் காணோம். எறும்பு கொண்டுபோய்விட்டது.

அவர் பள்ளியிலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எறும்பைத் தட்டினேன், கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றினேன். கீழே கிடந்த வயிற்றை ஈர ஊசி முனையில் எடுத்து, பசை தொட்டு, பட்டைப் பூச்சிக்கு ஒட்டினேன். அளவு கச்சிதமாகப் பொருந்தியது. கந்தலாகிப் போன சாம்பல் பூச்சியை ஜன்னல் வழியாகச் சாக்கடையில் போட்டேன். கண்காட்சிப் பெட்டிக்குச் செய்ததைத்தானே செய்கிறேன் என்று நினைத்தேன். திட்டு வாங்கப் பயந்தும் செய்தேன். இரண்டும் உண்மை.

இரண்டு மாதம் கழித்து அவருக்குச் சந்தேகம் வந்தது. பட்டைப் பூச்சியின் ஓரப் பட்டை, புத்தகத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் வளைந்திருந்தது. வழக்கமாகப் பூச்சிகள் அனுப்பி எழுதும் லண்டன் நிபுணருக்கு எழுதினார். பட்டையை நம்பாதீர்கள், ஆணின் வயிற்று நுனியைப் பாருங்கள் என்று பதில் வந்தது. சின்னப் பூச்சிகளில் சிறகைப் பார்த்து இனம் சொல்ல முடியாதாம், ஆணின் அந்த உறுப்புதான் இனத்துக்கு இனம் மாறுமாம். இதை எனக்கு விளக்குவதற்குள் அவர் முகம் சிவந்துவிட்டது. "பூட்டுக்குச் சாவி மாதிரி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பள்ளி மைக்ராஸ்கோப்பை வெள்ளிக்கிழமை கேட்டு வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தார். வயிற்றைக் கழற்றி, காஸ்டிக் சோடாவில் காய்ச்சி, சதையெல்லாம் கரைந்தபின் மிச்சமிருந்த கெட்டித் தோலை ஒரு கண்ணாடித் துண்டில் பரப்பினார். நான் ஒட்டிய பசையும் அந்தக் காஸ்டிக்கில்தான் கரைந்துபோனது. பார்த்தவர், நாற்காலியிலிருந்து எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். புத்தகத்தில் இருந்த படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதை வரைந்து லண்டனுக்கு அனுப்பினார். நான் இதுவரை இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, மாதக் கடைசிக்குள் வருணனையையும் பூச்சியையும் அனுப்பினால் அடுத்த இதழில் சேர்க்கிறேன் என்று நிபுணர் பதில் எழுதினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திருவிழாதான். ஒரு புதுப் பூச்சியை உலகத்துக்குச் சொல்வதென்றால் தலையிலிருந்து வால்வரை எழுத்தில் வரைய வேண்டும். தலை என்ன நிறம், கொம்பு எத்தனை கணு, முன்சிறகில் எந்த இடத்தில் பட்டை தொடங்கி எங்கே முடிகிறது. அவருக்கு நிறம் சரியாகப் பிடிபடாது, பழுப்பும் பச்சையும் ஒன்றுதான். பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "இது என்ன கலர் சொல்லு" என்பார். "காய்ச்சின பால்ல படியிற ஆடை" என்பேன். அவர் அதற்கு ஓர் ஆங்கில வார்த்தை தேடி எழுதுவார். பட்டைக்கு வறுத்த சீரகம், காலுக்குப் பழைய வெண்கலம் என்று நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். என் ஆயுசில் அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் பேசிக்கொண்ட நாட்கள் வேறு இல்லை.

பள்ளிக் கிளார்க் அதை டைப் அடித்துக் கொடுத்தார். அதனால் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிவித்தாராம், பிள்ளைகள் கைதட்டினார்களாம். 'பூச்சி' என்று கூப்பிட்டவர்கள் கை கொடுத்தார்களாம். அன்று சட்டையைக் கழற்றி மாட்டாமலே இதையெல்லாம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடித்ததும், டைப் அடித்த தாள்களை எடுத்து வந்தார். பூச்சிக்கு வைத்திருக்கும் பெயரைக் காட்டினார். என் பெயர். கடைசியில் லத்தீன் எழுத்து இரண்டு சேர்த்திருந்தது. "உன் தலையிலேருந்துதானே வந்துச்சு" என்றார். எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. பிறகு ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பத்தி இது: சிறகை வைத்து இதை அடையாளம் காண முடியாது, ஆணின் உறுப்பு ஒன்றே இதைத் தனி இனமாகக் காட்டும் சான்று, அது இந்த ஒரு பூச்சியிலிருந்து எடுக்கப்பட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எறும்பு, பசை, சாம்பல் பூச்சி எல்லாம் ஒன்றாக ஞாபகம் வந்தது. "எந்தப் பூச்சி?" என்று கேட்டேன். "பெட்டியில முதல் வரிசை, இடது கோடி" என்றார். நான் வயிறு ஒட்டியது அதற்குத்தான். நான் பாத்திரம் துலக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அந்த நாலு நாளை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. திங்கட்கிழமை சொல்லிவிடலாம் என்று காப்பியோடு போனேன், அவர் பாடிக்கொண்டு சவரம் செய்துகொண்டிருந்தார். அவர் பாடி நான் கேட்டதே இல்லை. செவ்வாய்க்கிழமை சக வாத்தியார்கள் இரண்டு பேர் பூச்சியைப் பார்க்க வந்தார்கள். பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு ஒருவர் என்னிடம், "குடுத்து வச்சவங்க அக்கா நீங்க" என்றார். அவர்கள் போனதும் காப்பித் தம்ளர்களை எடுத்து வைத்தேன். இன்னொரு ஆணும் இருக்கிறதே, அதையும் திறந்து பார்க்கச் சொல்லலாமே என்று தோன்றியது. கேட்டேன். "அது முழுசா இருக்கணும், இங்க வைக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை பார்சலைக் கட்டச் சொன்னார். கட்டினேன். வாயில் கொழுக்கட்டையை வைத்தவள்போல நின்று, பஞ்சு அடைத்து, நூல் சுற்றிக் கட்டினேன்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டார். இருவருமாக ஆற்றுமுகத்திலிருந்த பெரிய தபால் ஆபீசுக்குப் பஸ்ஸில் போனோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. பார்சலை அவர் மடியில் வைத்துக்கொள்ளவில்லை, பஸ் குலுங்கும் என்று கையில் தூக்கிப் பிடித்தபடியே வந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறு பேர். ஐந்து பேர். நாலு பேர். லண்டனில் ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார், இன்று இல்லாவிட்டால் பத்து வருஷம் கழித்து யாராவது கண்டுபிடிப்பார்கள், அப்போது இவரை என்ன சொல்வார்கள் என்று என் மனசு அடித்துக்கொண்டது. பொய்யன் என்பார்கள். பூச்சி என்று கூப்பிடுவது அதைவிட எவ்வளவோ மேல்.

எங்கள் முறை வந்தது. கிளார்க் கையை நீட்டினார். நான் பார்சலின் மேல் கையை வைத்தேன்.

"அனுப்பாதீங்க."

"என்ன?"

"அனுப்பாதீங்கங்க. வெளிய வாங்க, சொல்றேன்."

"சீக்கிரம் லா, பின்னால ஆள் நிக்குது" என்றார் கிளார்க், அவரும் தமிழர்தான். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன கண்டாரோ, பார்சலை எடுத்துக்கொண்டு வரிசையைவிட்டு வந்துவிட்டார்.

ஆற்றோரச் சுவரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பிலிருந்து சாக்கடை வரைக்கும். கீழே சரக்குப் படகுகளில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் பார்சலை விரல்களால் தடவிக்கொண்டே கேட்டார்.

"உன்ன யாரு அதத் தொடச் சொன்னா?" என்றார்.

நான் குற்றவாளிதான். காலில் விழவும் தயாராக இருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"நாலு வருஷமா நான்தானே தொட்டேன்! நீங்க எத்தன தொட்டீங்க?"

அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். பஸ்ஸில் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தோம்.

வெள்ளிக்கிழமை மறுபடி மைக்ராஸ்கோப் வந்தது. பேச்சில்லை. சோற்றை வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை இரண்டாவது ஆணின் வயிற்றைக் கழற்றிக் காய்ச்சினார். நான் கதவருகில் நின்றேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சைகையால் என்னைக் கூப்பிட்டு நாற்காலியை எனக்கு விட்டார். புத்தகத்தில் இருந்த படம் அப்படியே கண்ணுக்குள் தெரிந்தது. எங்கள் பட்டைப் பூச்சி ஊரெல்லாம் மல்லிகை தின்னும் சாதாரணப் பூச்சிதான்.

"அப்ப அந்தச் சாம்பல்..." என்றேன்.

"அதான் புதுசு. அத நான் ஜன்னல் வழியா விட்டேன், நீ ஜன்னல் வழியா போட்ட."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாயா லேபார் போனோம். சிறகோடு முழுசாக இன்னும் ஒரு சாம்பல் பூச்சி கிடைத்தால் போதும், உயிர் வந்துவிடும். பூக்கடைக்காரர் சொன்ன வழியில் விசாரித்துப் போனால், தோட்டம் இருந்த இடத்தில் செம்மண்தான் இருந்தது. வீடு கட்ட நிலத்தை எடுத்து மட்டம் தட்டியிருந்தார்கள். செடி ஒன்றுகூட இல்லை. தோட்டக்காரர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு எத்தனையோ கடைகளில் அரும்பு வாங்கி வளர்த்தும் பட்டைப் பூச்சிதான் வந்தது, சாம்பல் வரவேயில்லை. எனக்குத் தெரிந்து அந்த இனத்துக்கு இன்றுவரை பெயர் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். எழுதி முடித்துவிட்டு முகம் கழுவப் போனார். மேசையில் தாள் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கடிதம் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் உண்டு, பூச்சிகளுக்கு லேபிள் எழுதுவதே நான்தான். என் கவனக்குறைவால் ஒரு பூச்சியின் வயிறு இன்னொன்றோடு கலந்துவிட்டது, என் முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், தவறு முழுக்க என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதில் நான் இல்லை.

என்னைக் காப்பாற்றுகிறார் என்று நெகிழ்ந்துபோயிருக்க வேண்டும். வேறொரு பெண்ணாக இருந்தால் நெகிழ்ந்திருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது, அப்படி ஒரு கோபம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இது பொய்ங்க" என்றேன்.

"எது?"

"நீங்க ஒட்டல. நான் ஒட்டினேன்."

"உன்ன எதுக்கு இதுல இழுக்கணும்? உன் பேரு கெட வேணாம்."

"பூச்சிக்கு என் பேர வச்சீங்கல்ல, அப்ப மட்டும் இழுக்கலாமா? பெருமைக்கு வைக்கிற பேரு தப்புக்கு ஆகாதா? நான் செஞ்சது தப்புதான். ஆனா செஞ்சது நான்."

அவர் உட்கார்ந்து புதுத்தாள் எடுத்தார். நான் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனா மெதுவாக நகர்ந்தது. முடித்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார்.

எறும்பு தின்ற பூச்சிக்கு வேறொன்றின் வயிற்றை ஒட்டியவர் என் மனைவி என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியில், இதுவரை நான் உங்களுக்கு அனுப்பிய பூச்சிகள் அனைத்தையும் விரித்துத் தயாரித்தவரும் அவரே, உங்களுக்கு அனுப்பாமல் நிறுத்திய வருணனையில் உள்ள நிறங்கள் அனைத்தும் அவர் சொன்னவையே என்று இருந்தது.

நாலு வருஷத்தில் அந்த மனிதருக்கு இவர் எழுதிய கடிதங்கள் இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றுக்கும் தபால்தலை ஒட்டியது நான். ஒன்றிலும் நான் இருந்ததில்லை. முதன்முதலாக வந்தது இதில்தான்.

"இத ஏன் முன்னாடியே எழுதல?" என்று கேட்டேன்.

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். அவர் கையெழுத்துக்குக் கீழே நானும் போட்டேன்.